மூன்று வகுப்பறைகள், ஒரே கேள்வி

அடுத்த ஆண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் பருவம் வந்தால், நியூ ஜெர்சியில் எனக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரே மாதிரியான அழைப்பு வரும். “அக்கா, இவ ஏ.பி. பயாலஜி, ஏ.பி. சைக்காலஜி, ஏ.பி. யு.எஸ். ஹிஸ்டரின்னு மூணுமே மனப்பாடப் பாடமா எடுக்கப்போறேங்கிறா. ஃபிசிக்ஸ், கால்குலஸ்னு எடுத்தா மூளைக்கு வேலை இருக்குமில்ல? நீங்களாவது சொல்லுங்களேன்.”

நான் இங்கே ஓர் அரசுப் பள்ளியில் ஏ.பி. உயிரியல் நடத்துகிறேன். என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அதே ஆண்டில் உளவியலும் அமெரிக்க வரலாறும் படிக்கிறவர்கள். பள்ளி விட்டபின் அந்தப் பாடங்களின் கட்டுரைகளையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து படித்ததில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து ஒழுங்காகப் படித்த பிள்ளையை எளிதில் ஏமாற்ற முடியாது. மூன்று வகுப்பறைகளிலும் கேட்கப்படுவது ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற ஒரே கேள்விதான். ஆனால் ஒவ்வொரு பாடமும் ஏற்றுக்கொள்ளும் சான்று வேறு. அந்த வேறுபாடு ஒரு பிள்ளையின் கைக்குப் பழகிவிட்டால், மனப்பாடம் என்ற பேச்சு தானாக அடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்குச் சிறு விளக்கம். ஏ.பி. என்பது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். கல்லூரி முதலாண்டுத் தரத்துப் பாடத்தை உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் ஏற்பாடு. காலேஜ் போர்டு என்ற லாப நோக்கில்லாத அமைப்பு இதை நடத்துகிறது. முதல் தேர்வுகள் நடந்தது 1956இல். ஒவ்வொரு மே மாதமும் தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பெண். நல்ல மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பல கல்லூரிகள் அந்தப் பாடத்துக்கான கிரெடிட் கொடுத்துவிடும். நம் ஊர் பிளஸ் ஒன்னில் இருப்பதைப்போல முதல் குரூப், மூன்றாம் குரூப் என்ற பிரிவு இங்கே இல்லை. உயிரியலையும் வரலாற்றையும் ஒரே மாணவி ஒரே நாளில் அடுத்தடுத்த பீரியடில் படிக்கலாம். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

என் பாடத்திலிருந்து தொடங்குகிறேன். ஏ.பி. உயிரியல் ஒரு காலத்தில் உண்மையிலேயே மனப்பாடப் பாடமாகத்தான் இருந்தது. தடித்த புத்தகம் முழுவதும் உள்ளே போக வேண்டும். 2012-13 கல்வியாண்டில் அதைத் திருத்தி எழுதினார்கள். பரிணாமம், ஆற்றல், தகவல், அமைப்புகளின் ஊடாட்டம் என்ற நான்கு பெருங்கருத்துகளைச் சுற்றிப் பாடம் அமைந்தது. தேவையான சூத்திரங்களைத் தேர்வுத்தாளோடு அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். கால்குலேட்டருக்கும் தடையில்லை. தேர்வின் சரிபாதி, சோதனை விவரங்களைக் கொடுத்துவிட்டு யோசித்து எழுதச் சொல்வது.

ஆண்டுதோறும் நான் விரும்பிச் செய்யவைக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. பசலைக்கீரை இலையைச் சின்னச் சின்ன வட்டுகளாக வெட்டி, சமையல் சோடா கரைத்த நீரோடு சிரிஞ்சுக்குள் போட்டு, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னுக்கு இழுப்போம். இலைக்குள் இருந்த காற்று வெளியேறும். அந்த இடத்தில் கரைசல் புகும். வட்டுகள் அடியில் போய்ப் படியும். பிறகு விளக்கடியில் வைத்தால் ஒளிச்சேர்க்கை தொடங்கி, இலைக்குள் ஆக்சிஜன் சேரச் சேர வட்டுகள் ஒவ்வொன்றாக மேலே எழும். நிமிடத்துக்கு எத்தனை எழுந்தன என்று பிள்ளைகள் எண்ணி வரைபடம் போடுவார்கள்.

பார்க்க அழகான சோதனை. ஆனால் பாடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. “மேலே வந்தது ஆக்சிஜனால்தான் என்று எப்படித் தெரியும்? விளக்கின் சூட்டில் நீரில் கரைந்திருந்த வாயு குமிழாகித் தூக்கியிருக்கக் கூடாதா?” என்று கேட்பேன். வகுப்பு சற்று நேரம் யோசிக்கும். பிறகு ஒருவர் சோடா போடாத நீரை அதே விளக்கடியில் வைக்கலாம் என்பார். இன்னொருவர் சோடா நீரை அதே சூட்டில், ஆனால் இருட்டில் வைக்கலாம் என்பார். மிதக்கிற வட்டுகளை இருட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று மூன்றாமவர் கேட்பார். அவை மெல்ல மறுபடி மூழ்கும். இலை சுவாசித்து அந்த ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகிறது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, திரும்பச் செய்து பார். உயிரியல் கேட்கும் சான்று இது.

அதோடு எண்களுக்கு முன் அடக்கமும் வேண்டும். 80 மக்காச்சோள மணிகளில் 60 ஊதா, 20 மஞ்சள் என்று மெண்டலின் மரபியல் கணக்கு எதிர்பார்க்கிறது. எண்ணிப் பார்த்தால் 54, 26 வருகிறது. கணக்கு பொய்த்துவிட்டதா? கை வர்க்கச் (கை-ஸ்கொயர்) சோதனையில் போட்டால் 2.4 வரும். இந்தக் கணக்குக்கு எல்லை 3.84. அதைத் தாண்டாததால், இந்த வித்தியாசம் தற்செயலாகவே வந்திருக்கக்கூடும். இதற்காக மெண்டல் நிரூபிக்கப்பட்டுவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது. அவர் கணக்கை மறுக்க இந்த மணிகளில் போதிய சான்று இல்லை, அவ்வளவுதான் சொல்லலாம். சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் மட்டும் பேசுவதற்குப் பதினாறு வயதில் பழகுவது பெரிய விஷயம்.

உளவியல் வகுப்புக்குப் போனால் இந்த வசதி குறைகிறது. மனிதர் கீரை வட்டு இல்லை. பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடமும் இதுவே. ‘தூக்கம் குறைந்தால் நினைவாற்றல் குறையும்’ என்று ஒரு மாணவி எழுதுகிறாள். தூக்கத்தை எப்படி அளப்பாய்? அவரவர் சொல்லும் மணிக்கணக்கா, கையில் கட்டிய கருவி காட்டுவதா? நினைவாற்றல் என்றால் என்ன? இருபது சொற்களைக் காட்டி அரை மணி கழித்து எத்தனை ஞாபகமிருக்கிறது என்பதா, வேதியியல் தேர்வில் வந்த மதிப்பெண்ணா? பேசப்படும் பொருளை அளக்கக்கூடிய செயலாக மாற்றிச் சொல்லும்வரை அந்த வாக்கியத்துக்கு உளவியலில் மதிப்பில்லை. அடுத்த கேள்வி இன்னும் கடினம். குறைவாகத் தூங்குகிறவர்களைத் தேடிப்பிடித்து அளந்தாயா, அல்லது குலுக்கல்முறையில் சிலரைக் குறைவாகத் தூங்கச் சொன்னாயா? முதல் வழியில், தூக்கம் குறைந்ததற்கும் மதிப்பெண் குறைந்ததற்கும் பின்னால் வீட்டுக் கவலை ஒன்று பொதுக் காரணமாக இருக்கலாம். இரண்டாம் வழியில்தான் காரணம் பேசலாம்.

எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனையை எல்லாரும் படிக்கிறார்கள். அதிகாரத்தோடு ஒருவர் சொன்னதற்காக, 40 பேரில் 26 பேர் முன்பின் தெரியாத ஒருவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி விசையை அழுத்தினார்கள். உண்மையில் மின்சாரம் எதுவும் பாயவில்லை, அலறியவர் நடித்தார். விசையை அழுத்தியவர்கள் பட்ட வேதனை மட்டும் நடிப்பில்லை. தெரிந்துகொள்வதற்காக மனிதர்களை எதுவரை கொண்டுபோகலாம் என்ற விவாதம் அதன்பின் வலுத்தது. 2024-25இல் திருத்தப்பட்ட ஏ.பி. உளவியல் தேர்வில் ஓர் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து, ஆராய்ச்சி முறை எது, மாறி எப்படி வரையறுக்கப்பட்டது, அறநெறி எப்படிக் காக்கப்பட்டது, முடிவு யாருக்கெல்லாம் பொருந்தும் என்று கேட்கிறார்கள். இன்னொரு வினாவில் மூன்று ஆய்வுகளைக் கொடுத்து வாதம் கட்டச் சொல்கிறார்கள். பெயர்களையும் சொற்களையும் மட்டும் ஒப்பிக்கிற பிள்ளை இங்கே எழுத ஒன்றுமில்லாமல் நிற்கும்.

வரலாற்றில் அந்தக் கைப்பிடியும் போய்விடுகிறது. நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்க வழியில்லை; கட்டுப்பாட்டுக் குழு கிடையாது. மிஞ்சியிருப்பவை யாரோ எதற்காகவோ விட்டுச்சென்ற தடயங்கள். ஏ.பி. அமெரிக்க வரலாறு 1491இல் தொடங்குகிறது, கொலம்பஸ் வருவதற்கு முந்தைய ஆண்டு. இந்த மண்ணின் கதை ஐரோப்பியக் கப்பலோடு ஆரம்பிக்கவில்லை என்பதைத் தொடக்க ஆண்டே உணர்த்துகிறது. தேர்வின் உயிர்நாடி டி.பி.க்யூ. எனப்படும் ஆவணக் கட்டுரை. ஏழு ஆவணங்கள், ஒரு மணி நேரம், மாணவரே கட்டும் ஒரு வாதம். ஒவ்வோர் ஆவணத்திலும் யார் எழுதியது, எப்போது, யாருக்கு, எதற்காக என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

வரலாற்றுக் கட்டுரையோடு என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரின் பஞ்சாலைகள். 1840களில் அங்கே வேலை செய்த இளம்பெண்கள் ‘லோவெல் ஆஃபரிங்’ என்ற இதழில் எழுதினார்கள். ஆலை வாழ்க்கை இதமானது, படிக்க நேரமிருக்கிறது, நல்ல தோழிகள் கிடைக்கிறார்கள் என்ற தொனி அதில் உண்டு. அதே காலத்தில் ‘வாய்ஸ் ஆஃப் இண்டஸ்ட்ரி’ என்ற தொழிலாளர் இதழ் நீண்ட வேலை நேரத்தையும் குறைந்த கூலியையும் கண்டித்தது. எது உண்மை? ‘முதலாவது பொய், அதற்கு முதலாளிகளின் ஆதரவு இருந்தது’ என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். அப்போது சாரா பேக்லியைப் பற்றிச் சொல்வேன். 1840இல் ‘லோவெல் ஆஃபரிங்’ இதழில் ஆலை வாழ்க்கையின் இன்பங்களைப் பற்றி எழுதியவர் அவர். சில ஆண்டுகளிலேயே பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைமையேற்று, பத்து மணி நேர வேலைக்காகச் சட்டமன்றக் குழுவின் முன்னால் சாட்சி சொன்னவரும் அவரேதான். ஒரே பெண், ஒரே நகரம், இரண்டு குரல். இதழ் மாறியதா, ஆலை மாறியதா, அவர் மாறினாரா? பக்கச்சார்பு இருக்கிறது என்று ஆவணத்தைத் தூக்கி எறிவதில் பயனில்லை. அந்தச் சார்பே நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். பேக்லியைப் படித்த பிள்ளை இதை மறப்பதில்லை.

இனி, மூன்று பாடமும் ஒரே மேசையில் சேரும் இடத்துக்கு வருகிறேன். ஏ.பி. தேர்வு முடிந்து பள்ளி மூடும்வரை கிடைக்கும் மே மாத இறுதி வாரங்களை இதற்கென்றே ஒதுக்கிவைப்பேன். வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண் இருந்தாள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற அவளை, ‘மனவளர்ச்சி குன்றியவள்’ என்று முத்திரை குத்தி 1924இல் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அதே ஆண்டில் அந்த மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. அவளுக்குக் கருத்தடை செய்யலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927 மே 2 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிபதிகள் சட்டத்தை ஏற்றார்கள். கேரியின் தாய், கேரி, அவள் குழந்தை மூவருமே குறைபாடுள்ளவர்கள் என்பது வாதம். குழந்தை விவியன், வழக்கு தொடங்கியபோது கைக்குழந்தை. அவள் பார்வையில் ஏதோ சரியில்லை என்று ஒரு சமூகப் பணியாளர் சொன்னதுதான் சான்று! அந்தக் குழந்தை பின்னால் பள்ளிக்குப் போய் நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பெற்றாள்; எட்டு வயதில் நோயில் இறந்தாள். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இத்தகைய சட்டங்களின் கீழ் 60,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது.

முதலில் உயிரியல். பென்சிலை எடுக்கச் சொல்வேன். வாதத்துக்காக அந்தக் குறை ஒற்றை ஒடுங்கு ஜீனால் வருவதாகவே வைத்துக்கொள்வோம். 10,000 பேரில் ஒருவருக்கு அது இருந்தால், ஹார்டி-வெயின்பெர்க் கணக்குப்படி அந்த ஜீனை வெளியே தெரியாமல் சுமப்பவர்கள் ஏறத்தாழ 198 பேர். குறை தெரிகிற ஒவ்வொருவரையும் ஒவ்வொரு தலைமுறையிலும் தடுத்தாலும், ஜீனின் விகிதம் பாதியாகக் குறைய 100 தலைமுறைகள், அதாவது சுமார் 2,500 ஆண்டுகள் ஆகும். ஹார்டியும் வெயின்பெர்கும் இந்தக் கணக்கின் அடிப்படை விதியை வெளியிட்டது 1908இல். தீர்ப்புக்கு 19 ஆண்டுகளுக்கு முன்பு. அறிவியலின் பெயரால் இயற்றப்பட்ட சட்டத்தைக் கையிலிருந்த அறிவியலே தாங்கவில்லை. இது விளங்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் கோபத்தை நான் மதிக்கிறேன்.

உளவியல் அடுத்த கேள்வியைக் கேட்கும்: ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்பதை எப்படி அளந்தார்கள்? முதல் உலகப் போரின்போது சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தேர்வு. வலையில்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்கள். டென்னிஸையே பார்த்திராத இத்தாலிய விவசாயி என்ன சொல்வார்? கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர் 1923இல் அந்தத் தரவுகளைப் புத்தகமாக்கினார். அமெரிக்காவில் கூடுதல் ஆண்டுகள் வாழ்ந்த குடியேறிகள் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இந்த நாட்டுப் பழக்கம் படியப் படிய மதிப்பெண் ஏறுகிறது என்பது எளிய விளக்கம். அவரோ, பிற்காலத்தில் வந்த இனங்கள் தாழ்ந்தவை என்று முடிவுகட்டினார். 1930இல் அவரே அதைத் தவறென்று ஒப்புக்கொண்டு அச்சில் திரும்பப் பெற்றார். இடைப்பட்ட 1926இல் காலேஜ் போர்டுக்காகக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை உருவாக்கியவரும் இதே பிரிகாம்தான். தங்களுக்குத் தேர்வு வைக்கும் அமைப்பின் பழைய பக்கங்களைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

வரலாறு அங்கே நிதானம் சொல்லும். 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வரவைக் கடுமையாகக் குறைத்தது. ஆசியர்களுக்கு வாசலையே அடைத்தது. நுண்ணறிவுத் தேர்வுதான் அதற்குக் காரணம் என்று ஒரு மாணவர் எழுதினால் நான் நிறுத்திக் கேட்பேன். ஆசியர்களுக்கு எதிரான சட்டங்கள் அதற்கு முன்பே இருந்தன. போருக்குப் பிந்தைய அச்சம் இருந்தது, வேலைப் போட்டி இருந்தது. பல காரணங்களில் எது எவ்வளவு கனம் என்று நிறுத்துக் காட்டு என்பேன். நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை நீக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் நம்மவர்கள் பெரும் எண்ணிக்கையில் இங்கே வர முடிந்தது. என் வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டுக் கதை இந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் படிப்பதற்கான கைமுறையையும் சொல்ல வேண்டும். அதைத் தருவதும் உளவியல்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தவர்கள், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். ஆகவே மஞ்சள் பேனாவால் கோடு போடுவதை என் வகுப்பில் ஊக்குவிப்பதில்லை. வெள்ளைத் தாளை எடுத்து எழுதச் சொல்வேன். உயிரியலென்றால் செல் சுவாசத்தைப் படமாக வரைந்து, ஒரு நொதியை நீக்கினால் எங்கே தேங்கும் என்று குறிக்க வேண்டும். உளவியலென்றால் ஒவ்வொரு கருத்துக்கும் தன் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. வரலாறென்றால் தேதிப் பட்டியல் வேண்டாம். ஒரு நிகழ்வு அடுத்ததற்கு எப்படி வழிவிட்டது என்ற சங்கிலி. இரண்டு நாள் கழித்து ஒருமுறை, வாரம் கழித்து ஒருமுறை அதே தாள்.

விடை எழுதும்போது வினைச்சொல்லைப் பார்க்கச் சொல்வேன். குறிப்பிடு என்றால் ஒரு வரி போதும். விவரி என்றால் என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டும். விளக்கு என்றால் ஏன், எப்படி என்ற இணைப்பு வேண்டும். நிறுவு என்றால் சான்றை எடுத்து வைத்து, அது முடிவுக்கு எப்படி இட்டுச்செல்கிறது என்று காட்ட வேண்டும். தெரிந்ததையெல்லாம் கொட்டுவது மூன்று பாடத்திலும் மதிப்பெண் தராது. மூன்று ஏ.பி. பாடம் என்பது ஓர் ஆண்டுக்கு நிறைவான சுமை. அதற்கு மேல் அடுக்கித் தூக்கத்தை வெட்டினால், படித்தது இரவில் மூளையில் பதிய வழியில்லாமல் போகும். இதுவும் பாடத்திலேயே இருக்கிறது.

அதனால் என்னை அழைக்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இது. உங்கள் மகள் இந்த மூன்றையும் ஆசைப்பட்டு எடுக்கிறாள் என்றால் தடுக்காதீர்கள். அவள் மருத்துவராகலாம், வழக்கறிஞராகலாம், வேறெதுவும் ஆகலாம். எங்கே போனாலும் ஓர் ஆய்வறிக்கை, ஒரு புள்ளிவிவரம், ஒரு பழைய ஆவணம் அவள் மேசைக்கு வந்தே தீரும். கேரி பக்கின் வழக்கில் மருத்துவர்கள் இருந்தார்கள், தேர்வு நடத்தியவர்கள் இருந்தார்கள், சட்டம் படித்தவர்கள் இருந்தார்கள். அவரவர் துறையில் தேறியவர்கள்தான். அடுத்த துறைக்காரர் வைத்த சான்றைத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவர்கள், பார்க்கத் துணிந்தவர்கள் அந்த அறையில் போதவில்லை. அப்படித் தட்டிப் பார்க்கிறவர்களை உருவாக்குவதற்குத்தான் நான் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரவுச் சாப்பாட்டின்போது எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால், இன்று படித்ததில் ஒன்றைச் சொல்லச் சொல்லி, ‘அது உனக்கு எப்படிம்மா தெரியும்?’ என்று கேளுங்கள். அதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்ல அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.